தனி முடியும்வரை யாரும் எழுந்திருக்கக் கூடாது

தாராவி,
ஞாயிறு மத்தியானம்.

அன்பு மகன் நாகராஜுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம், அங்கே கால்கரியில் நீயும் சாருலதாவும் என் பேத்தி ஷாலினியும் அந்தப் பனியில் சளி பிடிக்காமல் சுகமாக இருக்க அம்மன் துணை. அப்பாவுக்குச் சர்க்கரை அடங்கியிருக்கிறது, வாய்தான் அடங்கவில்லை, ஜிலேபிக் கடை வாசலில் நின்று அவர் ஹிந்தியில் பேரம் பேசுவதைப் பார்த்ததாக அக்கம்பக்கத்தில் சொன்னார்கள். லிஃப்ட் மறுபடி நின்றுபோச்சு, பில்டிங் செக்ரட்டரியைக் கேட்டால் ஹோ ஜாயேகா மாஜி, ஆகிவிடும் அம்மா என்கிறான், போன மழைக்கும் அதையேதான் சொன்னான், ஏழு மாடியும் நான் ஏறித்தான் இறங்குகிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் மிருதங்கம் என்று நான் வாயெடுத்தாலே உன் ஊரில் நெட்வொர்க் போய்விடுகிறதே ராசா, சாருலதா பேசும்போது மட்டும் திரும்பி வருகிறது. அதனால் எழுத்தில் சொல்கிறேன். பொங்கலுக்கு நீ வரும்போது மாட்டுங்கா சங்கீத சபையில் உட்கார்ந்து வாசிக்க வேண்டும். விஷயம் இதுதான். இனி காரணம் சொல்கிறேன், பாதியில் மடித்து வைக்காமல் படி.

சபையில் இந்த வருஷம் சேம்பர் கச்சேரி என்று ஒரு வரிசை வைத்திருக்கிறார்கள். பெரிய ஹால் இல்லை, மேடை இல்லை, மைக்கும் கிடையாது. ஸ்டேஷன் பக்கம் சபை ஆபீஸ் மாடியில் ஒரு அறை, ஜமக்காளம் விரித்து நாற்பது பேர், முட்டி மடங்காதவர்களுக்குச் சுவரோரம் நாற்காலி. பாடுகிறவர் மூச்சு விடுவது கூடக் கேட்கும். மாதம் ஒரு கச்சேரி, கடைசிக் கச்சேரி பொங்கல் கழிந்த ஞாயிறு. அறைக்கு ஒரே வாசல், அது பாடுகிறவர் பக்கத்தில் இருக்கிறது, எழுந்து போகிறவர்கள் மிருதங்கத்தை உரசிக்கொண்டுதான் போகவேண்டும். இதைக் கேள்விப்பட்டதும்தான் எனக்கு அங்கே போக ஆசை வந்தது. ஏன் என்று உனக்குத் தெரியும். அப்போது உனக்குப் பதினேழு வயது, சபையின் ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் படித்து முதன்முதலாகப் பெரிய ஹாலில் வாசித்தாய். பாட்டு நின்று, மிருதங்கம் மட்டும் வாசிக்க உனக்குத் தனி விட்டார்கள். நீ நாலு தட்டுத் தட்டியிருப்பாய், முன் வரிசையில் சபை செக்ரட்டரி பெண்சாதி ஷ்யாமளா எழுந்தாள். வெங்காயச் சருகு நிறத்தில் பட்டு, இடுப்பில் சாவிக்கொத்து, அது வேறு சலங் சலங் என்று உன் தாளத்துக்குக் குறுக்கே போயிற்று. அவள் பின்னாலேயே ஆறு பேர் கேன்டீனுக்குப் போனார்கள், அன்றைக்கு மைசூர் போண்டா. நீ தலையைத் தூக்கிக் காலி நாற்காலிகளைப் பார்த்தாய். நான் உன்னைப் பார்த்தேன். வீட்டுக்கு வந்து பரீட்சை இருக்கிறது என்று மிருதங்கத்தைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாய். எந்தப் பரீட்சைடா இத்தனை வருஷமாக நடக்கிறது.

போன மாதக் கச்சேரியில் செம்பூர்ப் பெண் ஸ்ரீலேகா பாட்டு, மிருதங்கம் யார் என்று கேள். ஷ்யாமளாவின் பேரன் நகுல், புனேயில் படிக்கிறவன், அவனுக்கு இதுதான் முதல் கச்சேரி. நான் பச்சைச் சுங்குடி கட்டிக்கொண்டு முதல் ஆளாகப் போய்ச் சுவரோர நாற்காலியைப் பிடித்தேன். தனி தொடங்கியதும் எழுந்து, மெதுவாக, நாற்பது பேரும் பார்க்க, அந்த வாசல் வழியாக நடந்து போவது என்று முடிவு செய்திருந்தேன். அப்பாவிடம் சொன்னேன், உனக்குப் பைத்தியம்டி என்றார், ஆனால் டாக்சி பிடித்துக் கொடுத்தார். பக்கத்து நாற்காலியில் ஷ்யாமளாவே வந்து உட்கார்ந்தாள், இரண்டு முட்டியும் மாற்றியிருக்கிறாள். நன்னா இருக்கேளா, நாகராஜ் எங்க இருக்கான் என்றாள். இருக்கான் என்றேன். தனி வந்தது. நான் செருப்பில் காலை நுழைத்தேன். அதற்குள் அவள் என் தோளில் கையை ஊன்றி எழப் பார்க்கிறாள். சொந்தப் பேரன் வாசிக்கிறான், இவள் எழுகிறாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் நான் எழ வேண்டியது மறந்துபோயிற்று, அவள் மணிக்கட்டைப் பிடித்து உட்கார வைத்துவிட்டேன். எங்க எந்திக்கிய, ஒங்க பேரன்தான வாசிக்கான், பேசாம இரிங்க என்றேன். விடுங்கோ மாமி, காபிக்குப் பால வெளில சின்னத் தீல வெச்சுட்டு வந்திருக்கேன், பொங்கிடும், கச்சேரி முடிஞ்சா அவாளுக்கெல்லாம் சூடா குடுக்கணும் என்று காதோடு காதாகச் சொல்கிறாள். பொங்கட்டும் என்றேன். பொங்கிற்று. முதலில் வாசம் வந்தது, பிறகு தீய்ந்த நாற்றம், ஜமக்காளத்தில் இருந்தவர்கள் எல்லாரும் ஷ்யாமளாவைத் திரும்பிப் பார்க்கிறார்கள், நான் பிடியை விடவில்லை. யாரோ ஒரு புண்ணியவான் உட்கார்ந்த இடத்திலிருந்தே நகர்ந்து நகர்ந்து வாசலுக்கு வெளியே போய் கேஸை அணைத்தான். அந்தப் பையன் ஒருமுறை தலையைத் தூக்கிப் பாட்டி இருக்கிறாளா என்று பார்த்தான், இருந்தாள். அப்புறம் அவன் வாசித்தான் பார், சுவர் அதிர்ந்தது. பாதியில் அவள் கையை இழுப்பதை நிறுத்திவிட்டாள், என் விரலின் மேலேயே தாளம் போட்டாள்.

முடிந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொல்கிறாள், கல்யாணமாகி வந்த நாளிலிருந்து தனி விட்டதும் நான் எழுந்து போய்க் காபிக்குப் பால் பார்ப்பதுதான் வழக்கம், ஒரு தனியும் கடைசிவரை கேட்டதில்லை, உங்க பிள்ளை அன்னிக்கு எப்படி முடிச்சான்னுகூட எனக்குத் தெரியாது மாமி, அவன் வந்தா வாசிக்கச் சொல்லுங்கோ, நான் அசைய மாட்டேன் என்று. அப்படியானால் அன்றைக்கு அவள் எழுந்தது காபிக்கு. இது எனக்கு இத்தனை வருஷம் தெரியாது. கோபம் போய்விட்டது என்று நினைக்காதே, பாதிதான் போயிருக்கிறது, சாவிக்கொத்தை அவள் வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருக்கலாம். போண்டாவுக்குப் போன ஆறு பேருக்குச் சமாதானமே கிடையாது, அதில் இரண்டு பேர் காலமாகிவிட்டார்கள், அவர்களை மட்டும் விட்டுவிட்டேன். தீய்ந்த பாத்திரத்தை நான் தேய்க்கவில்லை, அவளே தேய்க்கட்டும் என்று வந்துவிட்டேன்.

உன்னைக் கேட்காமல் சரி என்று சொல்லிவிட்டேன். நோட்டீசில் உன் பேர் வந்தாயிற்று, ஸ்ரீலேகாதான் பாடுகிறாள். கட்டிலடியில் கிடந்ததை அப்பா செம்பூருக்குக் கொண்டுபோய்ப் புதுத் தோல் போட்டு, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தார், பக்கத்தில் இருந்தவன் மிருதங்கத்துக்கும் டிக்கெட்டா என்று கேட்டானாம். தட்டிப் பார்த்தேன், கீழ்வீட்டு பீவி மேலே வந்து நாகராஜ் வந்துட்டானா என்றாள். என்ன பதில் சொல்ல, நீயே சொல். விரல் மரத்துப்போச்சு என்று சொல்லாதே, சாப்பாட்டு மேசை இருக்கிறது, சாருலதா திட்டினால் மாமியார் சொன்னாள் என்று சொல். ஒரு வாரம் முன்னாடியே வந்து பழகு. ஷாலினிக்குக் கம்பளிச் சட்டை எல்லாம் வேண்டாம், இங்கே வியர்க்கும். மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நிறைந்து வாழ வேண்டும், போகிற வருகிற பாதையெல்லாம் அம்மன் முன்னால் நடக்கட்டும். இடம் கூடப் பார்த்து வைத்துவிட்டேன். ஷ்யாமளா நாற்காலி சுவரோரம், அதற்கும் வாசலுக்கும் நடுவில் என் நாற்காலி. தனி முடிகிறவரை காபிக்கு யார் எழுந்தாலும் என்னைத் தாண்டித்தான் போக வேண்டும். நீ தலையைத் தூக்கிப் பார்க்கலாம்.

வாசலை அடைத்துக்கொண்டு உட்காரப்போகும் உன் அம்மா,
முப்பிடாதியம்மாள்