முதல் மணி மீனாட்சிக்கு

மதினி,

இன்று காலை கோயிலிலிருந்து திரும்பும்போது சிம்மக்கல் முக்கில் ஒரு கைவண்டி வழியை மறித்து நின்றது. வண்டி நிறைய வெள்ளை நூல் சிட்டங்கள். ஆற்றங்கரைச் சாயப்பட்டறைகளுக்குப் போகிற சரக்கு. விடியலில் விழுந்த தூற்றலில் மேல்வரிசை நனைந்திருந்தது. ஈரப் பருத்தியின் அந்த வாசம், ஊறப்போட்ட பச்சரிசியைத் திறந்தது மாதிரி முகத்தில் வந்து மோதியது. "ஒதுங்கிக்கங்கம்மா" என்று வண்டிக்காரர் இரண்டு தரம் சொல்லியும் நான் நகரவில்லை. ஒரு சிட்டத்தின் கட்டைத் தொட்டுப் பார்த்தேன். விரல் நுழைய இடம் விட்டுத் தளர்வாக முடிந்திருந்தது. நம் பெண்களின் கை. இதை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்ல? உலையை இறக்கி வைத்துவிட்டு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

யுத்த காலம் நினைவிருக்கிறதா உங்களுக்கு? மில்கள் ஓய்வில்லாமல் ஓடின. பஞ்சு இருந்தது, எந்திரம் இருந்தது, ஆள்தான் இல்லை. நூலைச் சிட்டமாகச் சுற்றுகிற வேலை பெண்களுடையது. ஒரு மில் ஒருத்திக்குச் சொல்லிக் கொடுத்தால், மறுமாதம் அடுத்த மில் அவளை ஒரு சேலையைக் காட்டி அழைத்துக்கொண்டு போகும். அதனால் யாரும் யாருக்கும் எதையும் சொல்லிக் கொடுப்பதில்லை என்று ஆகிவிட்டது. பழகாத கைகள் சுற்றிய சிட்டங்கள் சிக்குப் பிடித்து வந்தன. கட்டு இறுகியிருந்த இடத்தில் சாயம் ஏறாமல் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி விழுந்தது. அண்ணன் வாதத்தில் படுத்ததிலிருந்து சாயப்பட்டறையை நீங்கள்தான் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். திரும்பி வந்த புடவைகளை மடியில் போட்டுக்கொண்டு, அந்தப் புள்ளிகளை ஒவ்வொன்றாக விரலால் தடவியபடி ஒரு பகல் முழுதும் உட்கார்ந்திருந்தீர்கள். சாயங்காலம் என் வீட்டு வாசலில் வந்து நின்றீர்கள். நீங்களும் என்னை மதினி என்றுதானே கூப்பிடுவீர்கள்.

"கிளம்புங்க மதினி, மில்லுக்குப் போவோம்."

"நான் என்னாத்துக்கு?"

"நான் தனியாப் போனா ஊரு பேசும். ரெண்டு பேராப் போனா மில்லு பயப்படும்."

தெற்கே புதிதாக வந்திருந்த அந்தச் சின்ன மில்லின் மானேஜர் நல்ல மனிதர்தான். புடவையைப் பார்த்தார், பெருமூச்சு விட்டார். "என்னம்மா பண்றது, ஆள் இல்லையே. பழக்கி விட்டா பக்கத்து மில்லுல போய் நிக்கிறாங்க" என்றார்.

நீங்கள் சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு கேட்டீர்கள்: "பழக்குற எடம் உங்களுதா இருந்தாத்தானேய்யா அவுக திருடுவாக? எல்லாருக்கும் பொதுவா இருந்தா யாரு யார்கிட்டத் திருடுறது?"

மானேஜர் பேனாவைக் கீழே வைத்தார். அன்றைக்கு அவர் பேனாவை வைத்த சத்தம் எனக்கு இன்றைக்கும் கேட்கிறது.

ஒப்பந்தம் என்று பெரிய காகிதம் ஒன்றும் எழுதவில்லை. மில் நான்கு பழைய சுற்றுச் சக்கரங்களையும் நூலையும் தருவது. தினம் ஒரு மணி நேரம் மேஸ்திரியை அனுப்புவது. உங்களிடம் நூலுக்குச் சாயம் போடுகிற நெசவு முதலாளி, தறிக்குப் பாவு நூல் ஓட்டும் தன் கூடத்தின் பாதியை விடுவது. நீங்கள் பட்டறையில் வாரம் ஒரு சிட்டத்தைச் சாயத்தில் முக்கிப் பார்த்து, சாயம் சீராக ஏறுகிறதா என்று சொல்வது. பழகி முடித்தவர்களைச் சீட்டுக் குலுக்கி மில்லும் நெசவுக் கூடமும் எடுத்துக்கொள்வது. பக்கத்து மில் கேட்டாலும் உண்டு, அவர்களும் சக்கரம் தந்தால். எடுத்த எடுப்பில் சிரித்த பக்கத்து மில்காரர்கள் ஆறாம் மாதம் சக்கரத்தோடு வந்தது பிற்பாடு.

பேர் எழுத, யாருக்கு எவ்வளவு கை வந்திருக்கிறது என்று குறித்து வைக்க ஓர் ஆள் வேண்டும் என்றார் நெசவு முதலாளி. நீங்கள் என்னைக் காட்டினீர்கள்.  நான் பள்ளிக்கூடம் போனவளா? மளிகைப் பொட்டலத் தாளையும் கோயில் திருவிழா நோட்டீசையும் எழுத்துக் கூட்டிப் படித்து வந்தவள். வீட்டுக் கணக்குக்கு மேல் ஒரு வரி எழுதியதில்லை.

"கல்யாணம் ஆன வருசத்துல ஆடி மாசம் எம்புட்டு உப்பு வாங்கினாகன்னு கேளுங்க, நோட்டப் பிரிச்சுச் சொல்லும் எங்க மதினி. இதுக்கு மேலயா ஒரு குமாஸ்தா வேணும்?" என்றீர்கள். எல்லாரும் சிரித்தார்கள். வீட்டுக்காரரிடம் கேட்டபோது, "மத்தியானச் சோறு ஆறாம இருந்தாச் சரி" என்றார். அதுதான் அவர் தந்த அனுமதி.

பதினோரு பெண்கள் சேர்ந்தார்கள். அவர்களில் பேச்சியம்மாளை மறக்க முடியுமா? எழுமலைப் பக்கம் கண்மாய் வறண்டு, புருஷனும் போய்ச் சேர்ந்து, இரண்டு பிள்ளைகளைத் தாயிடம் விட்டுவிட்டுக் கரியில் ஓடுகிற பஸ்ஸில் வந்து இறங்கியவள். முதல் நாள் சக்கரத்தைப் பார்த்து, "ஆத்தி, இது கமலையை விட லேசா இருக்கே" என்றாள். களை எடுத்த விரல்கள் நூலை அறுத்து அறுத்துத் தள்ளின. இருபது நாளில் அதே விரல்கள் அறுந்த இழையைக் கண் பார்க்காமல் முடிந்தன. "பேச்சியம்மாள், முடிச்சு நன்று, கட்டு இன்னும் இறுக்கம்" என்று என் நோட்டில் எழுதியிருக்கிறேன். அடுத்த வாரத்தில் "கட்டும் நன்று."

அந்தச் சமயத்தில்தான் மில்லில் கூடுதல் ஷிப்டு போட்டார்கள். மேஸ்திரி பத்து நாள் வரவில்லை. அண்ணனுக்கு உடம்பு மோசமானதால் நீங்களும் வரவில்லை. மானேஜரிடமிருந்து சேதி மட்டும் வந்தது: ஒரு கட்டு நூல் சோதனைக்கு அனுப்ப வேண்டும். சரியாக இருந்தால் பதினோரு பேருக்கும் வேலை, கூடமும் தொடரும். இல்லையென்றால் சக்கரங்களைத் திருப்பி எடுத்துக்கொள்வார்கள்.

"இது தேறலேன்னா வெள்ளிக்கிழம பஸ்ஸு ஏறிருவேன். ஏறி என்னாத்தச் செய்யன்னு மட்டும் கேட்டுறாதீக" என்றாள் பேச்சியம்மாள்.

மேஸ்திரி செய்ததைப் பார்த்திருந்தேன் அல்லவா, நானே முன்னால் நின்றேன். சக்கரம் எண்பது சுற்றுச் சுற்றினால் ஒரு மணி அடிக்கும். ஏழு தரம் மணி அடித்தால் ஒரு சிட்டம். அதற்குமேல் சுற்றாமல் கட்டி இறக்கிவிட வேண்டும். மணி அடித்ததும் எனக்குக் கை தானாகக் கன்னத்துக்குப் போகும். சந்நிதியில் நின்று பழகிய கை வேறு என்ன செய்யும்? வீட்டில் உலைக்கு அரிசி அளக்கும்போது முதல் பிடியைச் சாமிக்கென்று தனியே போட்டுவிட்டுத்தானே நாம் எண்ண ஆரம்பிப்போம். அதே நினைப்பில் பெண்களிடம் சொன்னேன்: "முதல் மணி மீனாட்சிக்கு. அடுத்ததிலேர்ந்து எண்ணுங்க." நான்கு சக்கரங்களிலும் பெண்கள் ஒரே குரலாக, "மீனாட்சி… ஒண்ணு… ரெண்டு…" என்றபோது கூடமே கோயிலாக இருந்தது. எனக்கு அம்புட்டுப் பெருமை. செய்து வைத்திருந்த காரியம் என்னவென்று தெரியாத பெருமை.

சோதனை நாளன்று நீங்கள் வந்துவிட்டீர்கள். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது, ஆனாலும் தலை வாரிப் பூ வைத்திருந்தீர்கள். நூல் கட்டைத் தராசில் வைத்தார்கள். பத்து ராத்தல் நிற்க வேண்டிய கட்டு பதினொன்றரைக்குக் கிட்டே போய் நின்றது. மறுபடி நிறுத்தார்கள். அதேதான்.

மேஸ்திரி காதிலிருந்த பென்சிலை எடுத்துக்கொண்டு சிரித்தார். "களையெடுக்கிற கூட்டத்துக்கு எண்ணத் தெரியுமா? நான் அன்னைக்கே சொன்னேன்ல. சக்கரத்த வண்டியில ஏத்திருவோமுங்க."

பேச்சியம்மாள் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள்.

நீங்கள் மேஸ்திரியைப் பார்க்கவே இல்லை. மானேஜரிடம், "அய்யா, கட்டப் பிரிச்சு எண்ணிப் பாப்போம். எண்ணத் தெரியாதவுக சுத்தினது ஒண்ணு கூடவும் ஒண்ணு கொறையவும்ல இருக்கணும்?" என்றீர்கள். அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பத்துச் சிட்டங்களை உருவினார்கள். மணிக்கு ஒரு பிரி கணக்கு. முதல் சிட்டத்தில் ஏழுக்குப் பதில் எட்டுப் பிரி. இரண்டாவதிலும் எட்டு. மூன்றாவதிலும் எட்டு. பத்திலும் எட்டு.

ஆறாவது சிட்டத்திலேயே எனக்குப் புரிந்துவிட்டது, மதினி.  கோயிலைத் தவிர வேறெங்கும் அத்தனை ஆண்களுக்கு முன்னால் நான் நின்றதில்லை, பேசியதே இல்லை. வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். அந்தப் பதினோரு பேரும் என்னைக் காட்டிக் கொடுத்திருக்க மாட்டார்கள். அவர்கள் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. அதனால்தான் தூணுக்குப் பின்னால் நின்றிருந்தவள் வெளியே வந்தேன்.

"தப்பு அவுகளுது இல்லங்கய்யா. என்னுது. மொத மணிய மீனாட்சிக்குன்னு விட்டுட்டு எண்ணச் சொன்னது நாந்தான்."

 நெசவு முதலாளிதான் முதலில் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். மானேஜர் சிரிக்கவில்லை. இன்னும் ஒரு சிட்டத்தை எடுத்துத் தானே எண்ணினார். எட்டு.

"நாலு சக்கரம், பதினோரு பேர், பத்து நாள்" என்றீர்கள் நீங்கள், ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு விரலை மடக்கி. "ஒரு கை பிசகல. தப்பாச் சொல்லிக் குடுத்ததையே இம்புட்டுச் சரியாச் செஞ்சிருக்காக. சரியாச் சொல்லிக் குடுத்தா? உங்க மில்லுக்குள்ள இப்படி ஒரே மாதிரி சுத்துற பதினோரு பேரக் காட்டுங்கய்யா, நானே சக்கரத்த வண்டியில ஏத்துறேன்."

மேஸ்திரி பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார்.

மறுநாளே கூடுதல் பிரியை எடுத்துவிட்டு அத்தனை சிட்டங்களையும் திருத்திக் கட்டினோம். பத்து ராத்தல் நேராக நின்றது. பேச்சியம்மாளுக்குச் சீட்டில் மில் விழுந்தது. நான் மட்டும் முகம் கொடுக்காமல் இருந்தேன். இனிமேல் மணிக்குக் கன்னத்தில் போட்டுக்கொள்ளக் கூடாது என்று பெண்களிடம் சொல்லப் போனேன். நீங்கள் தடுத்தீர்கள்.

"மொத மணி அவளுக்கே இருக்கட்டும். ஆனா அவளையும் எண்ணிக்கையில சேருங்க. பந்தி போடுறப்ப வீட்டு மூத்தவள எண்ணாமயா எல போடுவோம்?"

அன்றுமுதல் "மீனாட்சி, ரெண்டு, மூணு" என்றுதான் எண்ணுகிறார்கள். மில்லுக்குள் போன பெண்கள் அங்கேயும் அப்படியே எண்ணுகிறார்களாம். அங்கே வேலை செய்கிற சின்னப்பாளையத்துக் கிறிஸ்தவப் பெண் ஒருத்தி "மாதாவே, ரெண்டு" என்கிறாளாம். கணக்குச் சரியாகத்தான் வருகிறது.

மாசியில் நீங்கள் போய்விட்டீர்கள். பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு மில்லிலிருந்து ஆள் வந்தது. இப்போது இருப்பவர் புது மானேஜர். கூடத்தை மில் வளாகத்துக்குள் மாற்றிக்கொள்கிறார்களாம், இனிப் பொது இடம் வேண்டாமாம். நெசவு முதலாளி என்னைப் பார்த்தார். நான் திரும்பி, எப்போதும் நீங்கள் நிற்கிற பக்கத்தைப் பார்த்தேன். அங்கே சுவர்தான் இருந்தது.

மறுநாள் மீனாட்சியிடம் சொல்லிவிட்டுத் தனியாகப் போனேன். ஊர் பேசட்டும் என்று போனேன். உங்களைப் போல எனக்குப் பேச வராது. நோட்டுகளைக் கொண்டுபோயிருந்தேன். இத்தனை வருஷத்தில் யார் யார் வந்தார்கள், யாருக்கு எந்த வாரம் எது கைவந்தது, எங்கே வேலைக்குப் போனார்கள், ஒவ்வொரு பேராக அவர் முன்னால் பிரித்து வைத்தேன். "உள்ள கொண்டு போனா இது உங்க எடமாயிரும்யா. உங்க எடமானா மறுபடி பக்கத்து மில்லு சேலையக் காட்டும். நீங்களும் காட்டணும். முடிவுல யாருக்கும் ஆள் இருக்காது" என்றேன்.

அவர் வெகுநேரம் பக்கங்களைப் புரட்டினார். "அந்த அம்மா இல்லையே இப்ப. கூடத்துக்குப் பொறுப்பு யாரு?"

"நான்."

"நாளைக்குத் தப்பு வந்தா?"

"முன்னாடியே வந்திருக்குங்கய்யா. அப்பவும் நான்தான் சொன்னேன்."

அவருக்கு அந்தக் கதை தெரிந்திருக்கிறது, மதினி. மில் முழுக்கத் தெரியுமாம். நோட்டுகளை அடுக்கி, இரண்டு கையாலும் என்னிடம் திருப்பித் தந்தார்.

கூடம் இருந்த இடத்திலேயே இருக்கிறது. தை வெள்ளாமை முடிந்து ஒத்தக்கடைப் பக்கத்திலிருந்து எட்டுப் புதுப் பெண்கள் வந்திருக்கிறார்கள். மில்லில் கேட்டு வாரம் இரண்டு நாள் பேச்சியம்மாளை இங்கே வரவழைத்திருக்கிறேன். மேஸ்திரி வேலையை இப்போது அவள்தான் பார்க்கிறாள். நான் தூணுக்கு முன்னால் உட்கார்ந்து பேர் எழுதுகிறேன்.