கால்சட்டை ஷூவான கதை

டோரித் தீவு
பிப்ரவரி 9, 1951

அன்பு நாப்லாவுக்கு,

உன் இருமல் குறைந்ததா? நான் நலம், என் இடது ஷூ மட்டும் காலமாகிவிட்டது. அகராதிக்குச் சொல் பொறுக்கப் போனவனைச் சதுப்பு இடுப்புவரை விழுங்கிப் பார்த்து, சுவை பிடிக்காமல், ஷூவை மட்டும் வைத்துக்கொண்டு என்னை விட்டுவிட்டது.

நான் தங்கியிருக்கும் வீட்டுக்காரி பெகி சிரித்தாள். மானத்தைக் காக்க இலக்கணம் பேசினேன்: ஷூவுக்கு நம் மொழியில் சொல்லும் 'ப்ரோக்', வைக்கிங்குகள் கால்சட்டைக்கு வைத்த பெயர், நம்மிடம் வந்து பெண்பால் ஆனது, அதனால் முன்னால் 'அன்' என்ற சுட்டிடைச்சொல் நின்றால் 'வ்ரோக்' என்று குழையும்.

“இடுப்புலேருந்து பாதத்துக்கு நழுவ எத்தனை நூறு வருஷம் ஆச்சோ! பெண்பால்னா சரிதான், ஆம்பளைய வேற யாரு சுமப்பா? அது சரி புலவரே, நீங்க ஊர்லேருந்து கெளம்புறப்ப உங்க சம்சாரம் அதிர்ஷ்டத்துக்குப் பழைய ஷூவ முதுகுக்குப் பின்னால எறிஞ்சாங்களா?”

எதற்கும் பதில் வைத்திருக்கும் நான், குனிந்து வலது ஷூவின் சேற்றை வழித்தேன். நான் கிளம்பிய அன்று நாம் சண்டையில் இருந்தோம். நீ கதவைச் சாத்திக்கொண்டாய்.

என் பழைய ஷூவையும் இரண்டு ஜோடி கம்பளிக் காலுறையும் அனுப்பு. தபாலில் போடுமுன், அந்தப் பழைய ஜோடியின் இடது ஷூவை நம் வாசலிலிருந்து, நான் இருக்கும் வடக்குப் பார்த்து ஒருமுறை எறிந்துவிடு. கோபம் மிச்சமிருந்தால் பலமாகவே எறி.

தபால் படகு கூப்பிடுகிறது.

உன் கோர்மக்