பூஜ்ய வகை வினை

என் அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருக்க வேண்டும். கால் வீக்கம் வடிந்ததா? இதைப் போனிலேயே கேட்டிருக்கலாம். ஆனால் உன் குரலைக் கேட்டால் நான் எதையாவது சொல்லி மழுப்பிவிடுவேன். அதனால்தான் கடிதம்.

குளியலறையில் வழுக்கி விழுந்ததாக அம்மா உன்னிடம் சொன்னாள் அல்லவா? அவள் விழவில்லை. உன் பிரசவத்துக்கு உதவ அவள் விமானம் ஏறப் புறப்பட்ட காலையில், நான்தான் காரைக் கொண்டுபோய்ப் பாலத்துச் சுவரில் மோதினேன். அவளுக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்தது. எனக்கு ஒரு கீறல்கூட இல்லை. போலீஸ்காரர் ஊதச் சொன்னார். ஊதினேன். அளவு மீறியிருந்தது. லைசென்ஸைப் பறித்துக்கொண்டார்கள்.

முந்தின நாள் இரவு எங்கள் துறைத் தலைவருக்குப் பிரிவு உபசார விருந்து. கணக்கில்லாமல் குடித்துவிட்டேன். காலையில் அம்மா பெட்டியை எடுத்து வைத்துக்கொண்டு, டாக்ஸி கூப்பிடட்டுமா என்று கேட்டாள். தலை கனத்துக்கொண்டுதான் இருந்தது. வேண்டாம், போதை பாதிப் பாதியாகக் குறைந்து இந்நேரம் ஒன்றும் மிச்சமிருக்காது, கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன் என்றேன். "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லி முன் இருக்கையில் ஏறி உட்கார்ந்தாள். காலமெல்லாம் வேதியியல் சொல்லிக்கொடுக்கிறவன் பேச்சை அவள் எப்படி நம்பாமல் இருப்பாள்?

கல்லூரிக்குத் திரும்பியபோது அடுத்த பாடம் வினைவேகவியல், அதாவது வேதிவினைகள் எந்த வேகத்தில் நடக்கின்றன என்பது. வேறு ஆளைப் போடட்டுமா என்று முதல்வர் பதமாகக் கேட்டார். நானே எடுக்கிறேன் என்றேன். வீம்புதான்.

வேக விதியைப் பலகையில் எழுதினேன். வினைபுரியும் பொருளின் செறிவு இரட்டிப்பானால் வேகமும் இரட்டிப்பாகிறதா, அது முதல் வகை. அதில்தான் குறிப்பிட்ட நேரத்துக்கு ஒரு முறை பாதியாகும். எவ்வளவு இருந்தாலும் வேகம் மாறவில்லையா, பூஜ்ய வகை. ஒரே ஒரு டிக்கெட் கவுண்டர் மாதிரி. வெளியே பத்துப் பேர் நின்றாலும் நூறு பேர் நின்றாலும், உள்ளே இருப்பவர் கை ஒரே வேகத்தில்தான் ஓடும். எந்த வினை எந்த வகை என்பதைச் சமன்பாட்டைப் பார்த்துச் சொல்லிவிட முடியாது, சோதித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்றும் சொன்னேன்.

உதாரணம் கேட்டார்கள். உடம்பிலிருந்து மது இறங்குவது பெரும்பாலும் பூஜ்ய வகை, ஈரல்தான் அந்தக் கவுண்டர் என்றேன். இதை முதல் வகை என்று வைத்துக்கொண்டு ஒருவர் காலையில் கார் ஓட்டினால் என்ன ஆகும் என்று ஆரம்பித்தேன். ஒருவராம்.

பாதி வகுப்புக்கு விஷயம் தெரியும். தலையைக் குனிந்துகொண்டார்கள். புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் மட்டும், "அந்த ஆளுக்கு இது தெரியாதா, சார்?" என்று கேட்டாள்.

"தெரியும்மா. அந்த ஆள் நான்தான்" என்றேன்.

அவள் முகம் சுருங்கிவிட்டது. கேட்டது தன் தப்பு என்பதுபோல் உட்கார்ந்தாள். நான் பாடம் தெரியாமல் ஓட்டவில்லை, மகளே. டாக்ஸி கூப்பிட்டால் எனக்குப் போதை தெளியவில்லை என்று அம்மாவிடம் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கும். அதற்குப் பயந்து, தெரிந்த கணக்கைத் தப்பாகப் போட்டேன்.

உன்னிடம் ஏன் மறைத்தாள் என்று அம்மாவைக் கேட்டேன். "பிள்ளைத்தாச்சிகிட்ட அவ அப்பனைப் பத்தி என்னத்தைச் சொல்ல?" என்றாள். அதற்குமேல் ஒரு வார்த்தை திட்டவில்லை. கையைத் தூக்க முடியாததால் நான்தான் தலை பின்னிவிடுகிறேன். கோணலாகத்தான் வருகிறது. பொறுத்துக்கொள்கிறாள்.

அவளுக்குப் பதிலாகச் சித்தி வருகிறாள். சித்தி சத்தமாகப் பேசுவாள், ஆனால் கைப்பக்குவம் உள்ளவள். அம்மா பொய் சொன்னாளே என்று அவளைக் கோபித்துக்கொள்ளாதே.

சுகமாகப் பெற்றுப் பிழைத்து, தாயும் சேயும் நீடூழி வாழ வேண்டும். குழந்தை பிறந்ததும் அம்மாவுக்குப் போன் செய். என்னைக் கூப்பிட வேண்டியதில்லை. போனை அவள் காதருகே பிடித்துக்கொண்டு நான் பக்கத்தில்தான் நிற்பேன்.

உன் அப்பா