யூத்தா நாலு பேர்

இன்று காலை முகம் கழுவப் போனபோது கண்ணாடிக்குப் பின்னால் நீ பாதி பிரித்து வைத்த தலைமுடி டை பாக்கெட் கிடைத்தது மாமு. அந்த நெடி மூக்கில் ஏறியது.

மாதம் ஒரு ஞாயிறு, எங்கள் வீட்டு மொட்டை மாடியில் பழைய பிரஷ்ஷால் உனக்கு நானும் எனக்கு நீயும் டை அடித்துவிடுவோம். மீசைதான் முதலில். காய்வதற்குள் எண்ணூர்க் காற்று அனல்மின் நிலையத்துச் சாம்பலைக் கொண்டுவந்து தலையில் கொட்டும். "காத்தே நம்ம வயச காட்டிக் குடுக்குது பாரு" என்பாய்.

யூத்து என்ற ஒரு சொல்லை வைத்து இந்த ஊர் என்னவெல்லாம் செய்கிறது! மாதா கோயில் யூத் மீட்டிங்கில் பாதிப் பேருக்குக் கல்யாண வயதில் பெண் இருந்தாள். பேனரில் சிரித்த யூத் தலைவர் பேரன் எடுத்தவர். "அவரே யூத்துன்னா நாம கைக்கொழந்த மாமு" என்று நீ சொல்ல, டீக்கடையே சிரித்தது. ஆனால் கம்பெனி வாசலில் மேஸ்திரி "யூத்தா நாலு பேர் வாங்க" என்று விரல் நீட்டும்போது மட்டும் நம் இருவருக்கும் சிரிப்பு வராது. அந்த நாலு பேரில் இல்லாவிட்டால் அன்றைக்கு அடுப்பு எரியாது.

நீ கடைசியாக வேலைக்கு வந்த அன்று அந்த நாலு பேரில் நாம் இருவரும் இருந்தோம். மூன்றாவது மூட்டையை இறக்கிவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன்.

"சும்மா கெட. கேஸுதான். மேஸ்திரி பாத்துகினு கீறாரு."

நான் இரண்டாவது முறை கூப்பிடவில்லை. ஆஸ்பத்திரியில் கேட்டு மேஸ்திரிக்கு உன் வயது தெரிந்தால் என் வயதும் தெரிந்துவிடும் என்று பயந்தேன். ஓடிப்போய்ச் சோடா வாங்கி வந்தேன். பாதி குடிப்பதற்குள் என் மடியிலேயே சாய்ந்து போய்ச் சேர்ந்துவிட்டாய்.

மூன்று நாளாக எனக்கும் இடது தோளில் வலி மாமு. படி ஏறினால் வியர்க்கிறது. பயமாக இருக்கிறது. செத்துப்போவேனோ என்று பயம். டாக்டர் வேலைக்குப் போகாதே என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று அதைவிடப் பயம்.

பாக்கெட்டும் கையுமாக நின்ற என்னைப் பார்த்து வீட்டுக்காரி, "இன்னா, மூஞ்சி ஒரு மாதிரியா கீது?" என்றாள்.

"கேஸுதான்" என்றேன்.

சொன்ன பிறகுதான் அது யார் சொன்ன வார்த்தை என்று உறைத்தது. அங்கேயே உட்கார்ந்து அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

இதை ஆஸ்பத்திரி பெஞ்சில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். சீட்டு எழுதிய பெண் வயது கேட்டாள். பழக்கத்தில் நாற்பத்திரண்டு என்றேன். அவள் பேனாவை எடுத்ததும், "இல்லம்மா, அம்பத்தாறு" என்றேன். என் கறுத்த தலையை ஒருமுறை பார்த்துவிட்டு எழுதிக்கொண்டாள்.

உள்ளே கூப்பிடுகிறார்கள். உனக்குச் சோடா வாங்கிக் கொடுத்த அதே கையில்தான் சீட்டைப் பிடித்திருக்கிறேன்.