இடம் பிடிக்கிறவன்

அன்புள்ள வீட்டுக்காரிக்கு,

நான் நலம். நீ அங்கே தங்கி வேலைக்குப் பார்த்துக்கொள்ளும் அந்தப் பெரியம்மா இப்போதாவது உன்னைத் தூங்க விடுகிறாரா? எனக்குத்தான் எழுத்து வராதே. ஆஸ்பத்திரி வரிசையில் எனக்கு முன்னால் நிற்கும் டீச்சரம்மா, நான் சொல்லச் சொல்ல எழுதுகிறார். அவர் முறை வந்தால் கடிதம் பாதியில் நின்றுவிடும், கோபித்துக்கொள்ளாதே. போனில் பேசலாம்தான். நான் கத்துவேன், நீ வைத்துவிடுவாய்.

என்ன தொழில் என்று டீச்சரம்மா கேட்டார். இடம் பிடிக்கிறது என்றேன். நில வியாபாரமா என்றார்! இல்லைங்க, அடுத்தவங்களுக்காக வரிசையில நிப்பேன், அவங்க வந்ததும் விலகிக்குவேன் என்றேன். போன வாரம் ஒருத்தர் செலவு எதற்கு என்று செருப்பை வைத்து இடம் பிடித்துவிட்டுப் போனார். ஒன்றை நாய் தூக்கிக்கொண்டு போய்விட்டது. திரும்பி வந்தவர், ஒத்தைச் செருப்புக்குப் பாதி இடமாவது விடுங்கய்யா என்று ஒரே சண்டை. அது கிடக்கட்டும்.

உன் தம்பி விஷயத்துக்கு வருகிறேன். வேலை கிடைக்கும்வரை இருக்கட்டும் என்றாய், தலையாட்டினேன். ஒரு பையோடுதான் வந்தான். முதலில் கட்டில் போனது. பிறகு என் துணிமணி அடுப்படிக்கு வந்தது, பின்னாலேயே தலையணையும் வந்தது. வேலை தேடினாயா என்று கேட்டால், "பிஸியா இருக்கேன் மாமா" என்கிறான். டிவியை அணைத்தால், "பாத்துட்டிருக்கேன்ல" என்கிறான், கண்ணை மூடிக்கொண்டே!

அதையும் பொறுத்தேன். நாம் வாடகைக்கு இருக்கும் இந்த வீடு இப்போது சொந்தக்காரப் பெரியவரின் மகன் கைக்கு வந்துவிட்டது. குடியிருப்பவர் பேருக்கு வாடகை ஒப்பந்தத்தைப் புதிதாக எழுதப்போகிறாராம். முந்தாநாள் நான் வேலை முடிந்து வரும்போது, உன் தம்பியோடு வாசலில் பேசிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து, நீங்க யாரு என்றார். இவங்க அக்காவோட வீட்டுக்காரருங்க என்றேன். "அப்ப நான் யாரு?" என்று சிரித்தார். உன் தம்பியும் சிரித்தான். சிரித்துவிட்டு, "எங்க மாமாதான் சார், அப்பப்ப வந்துட்டுப் போவாரு" என்றான்.

வெள்ளிக்கிழமை அவன் பேருக்கு எழுதப்போகிறார்கள்.

வரிசையில் எவனாவது நடுவில் நுழைந்தால் சட்டையைப் பிடிக்கிற ஆள் நான். என் வாசலில் எனக்கு வாய் வரவில்லை. கை ஓங்கலாம் என்றால் அவன் மூஞ்சியில் உன் மூக்கு இருக்கிறது. நான் என்னதான் செய்ய? சொன்னால் அவன் காதில் ஏறாது. வெள்ளிக்கிழமைக்குள் நீயே கூப்பிட்டு, வீடு எங்க பேர்லதான் இருக்கணும் என்று ஒரு வார்த்தை சொல். சொல்ல மனமில்லை என்றால் அதையாவது எனக்குச் சொல்.

நாம் முதலில் பார்த்த அன்று, பஸ்ஸில் பக்கத்து இருக்கையில் பை வைத்து யாருக்கோ இடம் பிடித்திருந்தாய். என்னைப் பார்த்ததும் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாய். அது யாருக்குப் பிடித்த இடம் என்று இன்றுவரை நான் கேட்டதில்லை.

டீச்சரம்மாவைக் கூப்பிட்டுவிட்டார்கள். உடம்பைப் பார்த்துக்கொள், வேளைக்குச் சாப்பிடு. ஊருக்கெல்லாம் இடம் பிடிக்கிறவனுக்கு, உன் பக்கத்தில் ஒரு இடம் பிடித்து வை. இன்னும் பிடித்திருந்தால்.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்