தடியன் ஓடிய தூரம்

நாள் 590. காலை 7:10
காற்றழுத்தம் 70.2. இயல்பு.

இதைக் கண்டெடுப்பவருக்கு முதலில் என்னைச் சொல்லிவிடுகிறேன். பெயர் சிவசைலம். செவ்வாயில் இந்த நிலையத்தின் பொறுப்பாளர். நிலையம் என்றால் மண்ணுக்கடியில் வளையமாகத் தோண்டிய சுரங்கம். ஒரு சுற்று 640 மீட்டர். மேற்குப் பாதியில் நானும் என் மண் மாதிரிகளும். கிழக்குப் பாதியில் காற்று, தண்ணீர் இயந்திரங்களும், அவற்றைக் கவனிக்கும் பொறியாளர் ஜெசிந்தாவும். தூத்துக்குடிக்காரி. இரண்டு பாதிகளுக்கும் நடுவே வடக்கில் ஒரு கதவு, தெற்கில் ஒரு கதவு. இரண்டும் எப்போதும் திறந்தே இருக்கும்.

முன்பு இருந்தவர்கள் விட்டுப்போன சைக்கிள்கள் ஐந்து. இங்கே எலும்பு கரையாமல் இருக்க மிதித்தே ஆக வேண்டும். ஆண்டு என்பது இங்கே 668 நாள். அதற்குள் 9,000 கிலோமீட்டர் ஓடாதவர்களை உடல் தகுதி இல்லை என்று ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். எனக்கு ஊருக்குப் போக ஆசை இல்லை. இன்றுவரை:

தடியன் (பருத்த டயர்) 1,790. நோஞ்சான் (பந்தய வண்டி) 1,655. சீமாட்டி (பெண்கள் வண்டி) 1,688. மடக்கி (மடித்து வைக்கும் வண்டி) 1,204. கட்டையன் (காற்றே இல்லாத கெட்டி ரப்பர் சக்கரம், ஏறினால் இடுப்பு கழன்றுவிடும்) 1,575. மொத்தம் 7,912.

ஒரு வண்டியும் மனக்குறைப்படாதபடி மாற்றி மாற்றி ஓட்டுகிறேன். ஒவ்வொன்றின் மீட்டரும் சக்கரத்தின் ஒவ்வொரு சுற்றையும் எண்ணி என் மேசைத் திரைக்கு அனுப்பிவிடும். ஜெசிந்தா ஓட்டுவதில்லை. அவளுக்கு ஓடுபட்டை இயந்திரம் (டிரெட்மில்) இருக்கிறது.

நாள் 604. மாலை 5:30
காற்றழுத்தம் 70.2. இயல்பு.

தடியனின் டயரில் போன வாரம் 20 பவுண்டு காற்று வைத்தேன். இன்று 21 காட்டுகிறது. சீமாட்டியும் அப்படித்தான். டயரில் காற்று இறங்கிக் கேள்விப்பட்டிருக்கிறேன்; நான்கு வயதிலிருந்து சைக்கிளோடு கிடப்பவன், தானாக ஏறிய டயரைக் கண்டதில்லை. யாரோ அடித்திருக்கிறார்கள். இந்தக் கிரகத்தில் நான் அடிக்கவில்லை என்றால் மிச்சம் ஒரே ஆள்தான்.

காற்றை இறக்கி 20க்குக் கொண்டுவந்தேன். இன்று சமையல் முறை அவளுடையது. சோறு நடுவில் அரிசியாகவே இருந்தது. கவனம் வேறெங்கோ இருக்கிறது அவளுக்கு.

நாள் 611. காலை 8:00
காற்றழுத்தம் 70.2. இயல்பு.

மீட்டர்கள் குறைத்துக் காட்டுகின்றன. பத்துச் சுற்றுக்கு 6,400 மீட்டர் வர வேண்டும். சோதித்தேன். தடியன் 6,371. சீமாட்டி 6,380. நோஞ்சான் 6,397. கட்டையன் மட்டும் அட்சரம் பிசகாமல் 6,400.

இதில் ஒரு ஒழுங்கு தெரிகிறது. சொகுசான வண்டியில்தான் கை வைத்திருக்கிறாள். கட்டையனை ஏன் தொடவில்லை? இடுப்பு வலிக்கும், அதனால்தான். ஏறி ஓட்டுகிறாள், காற்றடிக்கிறாள், பிறகு மீட்டரில் ஏதோ செய்து தடத்தை அழிக்கிறாள். என் கணக்கு ஒன்பதாயிரத்தைத் தொடாமல் போனால் நான் ஊருக்கு. அவள் பொறுப்பாளர். ஒன்றும் ஒன்றும் இரண்டு.

இன்டர்காமில் ஜாடையாக, வண்டிகள் எல்லாம் நன்றாக இருக்கின்றனவா என்று மட்டும் கேட்டேன். பதில் இது:

"ஒங்க டயரயெல்லாம் நான் தொடவே இல்ல அண்ணாச்சி, கேட்டியளா. பம்பு இருக்க எடம்கூட எனக்குத் தெரியாது."

நான் டயர் என்று சொல்லவே இல்லை. எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்பது இதுதான். போன வாரம் சாப்பிடும்போது இந்த டயர் விஷயத்தை அவளிடம் புலம்பியதாக ஒரு ஞாபகம் வருகிறது. அது வேறு விஷயம்.

நாள் 619. மாலை 6:15
காற்றழுத்தம் 70.2. இயல்பு.

இரண்டு பம்புகளின் பிடியிலும் சுண்ணாம்புப் பொடி தூவி வைத்திருந்தேன். ஒரு விரல் தடம் இல்லை. டயர் மட்டும் மறுபடி ஏறியிருக்கிறது. அப்படியானால் அவளிடம் மூன்றாவது பம்பு இருக்கிறது. தடயமே விடாமல் செய்கிறாள் என்பதே பெரிய தடயம்.

மறுபடி இறக்கினேன். வாரம் தவறாமல் இறக்குகிறேன். நானா அவளா பார்த்துவிடலாம்.

ஒரு நல்ல செய்தி: நோஞ்சானில் ஒரு சுற்று இதுவரை ஓடாத வேகத்தில் ஓடினேன். ஐம்பத்திரண்டு வயதில்! எதிர்க்காற்றே தெரியவில்லை. இறங்கியபின் தலை விண்விண் என்று தெறித்தது, நெஞ்சு படபடத்தது. இரண்டு வாரமாக இந்தத் தலைவலி. சாம்பார்ப் பொடி டப்பாவை முகர்ந்து பார்த்தேன். இனி என் சமையல் தனி.

நாள் 627. காலை 9:40
காற்றழுத்தம் 70.2. இயல்பு.

ஊரிலிருந்து செய்தி. மருத்துவப் பிரிவு.

"வணக்கம் சார். உங்க வாராந்தர கிலோமீட்டர் கொஞ்சம் கொஞ்சமா குறையுது. வருஷ முடிவுல ஒன்பதாயிரம் தாண்டலைன்னா எங்களால ஒண்ணும் பண்ண முடியாது. பாத்துக்குங்க."

அரை மணி கழித்து, சொல்லிவைத்தாற்போல் இவள்:

"அண்ணாச்சி, அந்த அழுத்தமானிய ஒரு தடவ கழட்டிப் பாக்கணும். மாசக்கணக்கா அந்த எண்ணு அசையவே மாட்டேங்கு. எந்த மானியும் இப்படி ஒரேயடியா நிக்காது. சைக்கிள் ரூம் சாவியக் குடுங்க. பத்து நிமிசத்துல பாத்துட்டுப் போயிருதேன்."

அழுத்தமானி இருப்பது, போன வாரத்திலிருந்து நான் பூட்டி வைக்கும் சைக்கிள் அறையின் அலமாரிக்குள். என்ன பொருத்தம்! நிலையத்தில் ஆயிரம் கருவி இருக்க, ஒழுங்காக ஒரே எண்ணைக் காட்டிக்கொண்டு சிவனே என்று இருக்கும் கருவியைத்தான் இவளுக்குக் கழற்ற வேண்டுமாம். முடியாது என்றேன். காரணம் கேட்டாள். காரணம் உனக்கே தெரியும் என்றேன்.

"என்னயவா சந்தேகப்படுதிய?" என்றாள். குரல் உடைந்திருந்தது. நல்ல நடிகை.

நாள் 633. பகல் 11:20
காற்றழுத்தம் 70.2. இயல்பு.

முடித்துவிட்டேன். தெற்குக் கதவைப் பொறுப்பாளர் சாவியால் பூட்டினேன். வடக்குக் கதவின் பிடியையும் அதன் நடுவில் இருக்கும், இரு பக்கக் காற்றையும் சமப்படுத்தும் வால்வையும் சேர்த்து என் சைக்கிள் சங்கிலியால் கட்டி, எண் பூட்டுப் போட்டேன். இனி அவள் பாதி அவளுக்கு, என் பாதி எனக்கு. இரண்டு பக்கமும் அவசரத்துக்கென்று தனித்தனிச் சாப்பாடு, படுக்கை, காற்றுச் சுத்திகரிப்பு எல்லாம் உண்டு. யாரும் சாகப்போவதில்லை.

ஒரு தவறு செய்துவிட்டேன். தடியனை நேற்று கிழக்குப் பக்கம் நிறுத்தியதை மறந்துவிட்டேன். இப்போது பிணைக்கைதி. மீட்டர்: 1,984.

நாள் 640. காலை 7:30
காற்றழுத்தம் 70.2. இயல்பு.

கதவைப் பூட்டி ஒரு வாரம். என் பக்கத்து நான்கு வண்டிகளிலும் டயர் துளிகூட ஏறவில்லை! வைத்த காற்று வைத்தபடி. இதைவிட என்ன சாட்சி வேண்டும்? அவளை வெளியே வைத்தேன், கைவரிசை நின்றது. நீதிமன்றமாக இருந்தால் இன்றே தீர்ப்பு.

இன்னொன்றும் பிடிபட்டது. இப்போது ஒளிவுமறைவே இல்லாமல் தடியனை ஓட்டுகிறாள். என் திரையில் நான் ஓட்டாத கிலோமீட்டர் ஏறுகிறது. முதல் நாள் ஏழு. மறுநாள் ஐந்து. அப்புறம் நான்கு, ஒன்று. நேற்று அரைகூட இல்லை. சோம்பேறி. இன்டர்காமில் கேட்டதற்கு:

"ஓடுபட்டைல நிக்க முடியல அண்ணாச்சி, தலய சுத்துது. சைக்கிள்னா உக்காந்துக்கிடலாம்லா. ஒங்க கணக்குல சேக்காதிய, என் கணக்குல எழுதிக்கிடுங்க." அப்புறம் சிரிப்பு. நிறுத்தாமல் சிரித்தாள். "கதவு... கதவப் பூட்டிட்டிய. எனக்கு ஏன் சிரிப்பா வருதுன்னே தெரியல."

என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள். இருக்கட்டும். இன்று சோறு நானே வைத்தேன். ஒரு மணி நேரம் கொதித்தும் வேகவில்லை. அரிசியே மட்டமான அரிசி போலிருக்கிறது.

நாள் 646. பகல் 2:05
காற்றழுத்தம் 70.2. இயல்பு.

இரண்டு நாளாகத் தடியன் அசையவில்லை. 2,003 கிலோமீட்டர் 116 மீட்டரில் நிற்கிறது. இப்போது இன்டர்காமில் வந்தாள். ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் மூச்சு. அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

"அண்ணாச்சி... தடியன் செயின் கழண்டுட்டு. வடக்குக் கதவுகிட்ட... தலகீழா நிறுத்தியிருக்கேன். மாட்ட வரல. வெரலு சொன்னபடி கேக்க மாட்டேங்கு. டயரு வேற கல்லு மாதிரி இருக்கு. நான் காத்தடிக்கல அண்ணாச்சி, சத்தியமா. பம்பு உங்ககிட்டதான... ரெண்டும்..."

பேச்சு நின்றுவிட்டது. வழக்கம்போல நாடகம். பம்பு என்னிடம் இருக்கிறதாம். மூன்றாவது பம்பு யாரிடம் இருக்கிறது என்று கேட்கவே வாயைத் திறந்தேன்.

நாள் 633க்குப் பிறகு கிழக்குப் பக்கம் நான் போகவில்லை. அதற்கு முந்தின நாள் அவள் வெளியே வேலையாக இருந்தபோது அவள் பாதி முழுவதையும் அலமாரி அலமாரியாகச் சோதனை போட்டேன். பம்பு தேடித்தான் போட்டேன். அங்கே பம்பு கிடையாது.

கிடையாது.

நாள் 646. பகல் 2:20
காற்றழுத்தம் 70.2 என்று காட்டுகிறது.

டயருக்குள் காற்று கூடவில்லை. வெளியே குறைந்திருக்கிறது.

டயர் மானி காட்டுவது உள்ளேயும் வெளியேயும் உள்ள வித்தியாசம். வெளிக்காற்று மெலிந்தால் டயர் தானாக விறைக்கும், சக்கரம் பருக்கும், அதே தூரத்துக்குக் குறைவாகச் சுற்றும். பருத்த டயர் அதிகம் மாறும். பந்தய டயர் கொஞ்சம். காற்றே இல்லாத கட்டையன் மாறவே மாறாது. மெலிந்த காற்றில் எதிர்க்காற்று இருக்காது. சோறு வேகாது. தலை வலிக்கும். புத்தி கெடும்.

ஐந்து சைக்கிளும் ஐந்து வாயால் சொல்லின. நான் வாரம் தவறாமல் காற்றை இறக்கி அவற்றின் வாயை அடைத்தேன்.

கசிவு கிழக்கில். அதனால்தான் கதவைப் பூட்டியதும் என் பக்கம் நின்றது. நான் அவளை அந்த ஓட்டையோடு சேர்த்துப் பூட்டியிருக்கிறேன். பதின்மூன்று நாள்.

எல்லாவற்றையும் சந்தேகப்பட்டேன். அந்த 70.2ஐ மட்டும் விட்டுவிட்டேன். ஒருத்தி சந்தேகப்பட்டாள். அவளுக்குச் சாவி கொடுக்கவில்லை.

2:41

பூட்டின் எண் மறந்துவிட்டது. நான்கு எண். பிறந்த ஆண்டு இல்லை. வீட்டு எண் இல்லை. பாவி மனிதா, நீ வேறென்ன எண் வைத்திருப்பாய்? போன ஆண்டு மொத்த ஓட்டம். பழைய பதிவைத் திறந்து பார்த்தேன். 9114. திறந்தது.

கதவு அசையவில்லை. முதலில் அவள்தான் அந்தப் பக்கம் இழுத்துப் பிடித்திருக்கிறாள் என்று நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைத்தேன்! என் பக்கத்துக் காற்று கதவை அழுத்திப் பிடித்திருக்கிறது. தெற்குக் கதவும் அப்படியே. இரண்டு பக்கமும் சமமாகாமல் எதுவும் திறக்காது.

வால்வை முழுதாகத் திறந்துவிட்டேன். டயரில் காற்று இறக்கும் அதே சத்தம், ஆயிரம் மடங்கு. என் காற்று அந்தப் பக்கம் போகிறது. போகட்டும்.

கையடக்கத் திரையைக் கதவுக்குப் பக்கத்தில் வைத்துத் தரையில் உட்கார்ந்து எழுதுகிறேன். இன்டர்காமில் கத்துகிறேன். ஜெசிந்தா, பக்கத்தில் சக்கரம் இருக்கிறது, ஒரு சுற்று சுற்றம்மா, நான் இங்கே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

116. 116.

நான் ஓட்டாத ஒரு மீட்டருக்காக வாரக்கணக்கில் கறுவியவன், ஒரே ஒரு மீட்டருக்காகச் சாமி கும்பிடுகிறேன்.

2:47

118! 120! 124! ஏறுகிறது. அழுதுவிட்டேன்.

180. 240. நிற்காமல் ஏறுகிறது. ஒரே சீராக.

சாகக் கிடப்பவள் இவ்வளவு வேகமாகச் சுற்றுவாளா?

வண்டி கதவோரம் தலைகீழாக நிற்கிறது என்றாள். வால்வு கதவின் நடுவில். சக்கரத்துக்கு நேரே. என் காற்றுதான் சுற்றுகிறது.

வேண்டாம். இந்த ஒன்றை நான் சந்தேகப்பட மாட்டேன்.

2:55

என் பக்கமும் மெலிகிறது. எழுத்து இரண்டிரண்டாகத் தெரிகிறது. சத்தம் குறைந்துகொண்டு வருகிறது. சமமாகப் போகிறது. கதவு திறக்கும். அதற்குள் உண்மையும் தெரிந்துவிடும். காற்று நின்றபின்னும் சக்கரம் சுற்றினால்

900. 920. மெதுவாக. 930. 936.

சத்தம் நின்றது.

938. 940.

940.

940.

நின்றுவிட்டது.

சிவசைலம், இது உன் கணக்கு. இதை எழுதிக்கொள்.

940.

942.

942.

யாரோ இழுத்துப் பிடித்து, கை நழுவி, மறுபடி பிடித்தாற்போல.

944.

காற்றுக்கு இப்படித் தயங்கத் தெரியாது.

கதவின் பிடி இளகிவிட்டது, திறக்கிறேன். காற்றழுத்தம்: தெரியாது. தடியன் 2,003 கிலோமீட்டர் 944 மீட்டர். கடைசி நான்கு மீட்டர் ஜெசிந்தாவுடையது.