எடுத்தால் தண்டம் என்று நினைத்தீர்களே, அண்ணை

என்ரை ஆசை அண்ணை,

உங்களுக்கு ஒரு செய்தி சொல்லோணும்.

உங்கள் செத்தவீட்டுக்கு மெல்பேர்னிலிருந்து வந்த உங்கள் மகள் சுகந்தி இன்னும் என்னோடைதான் நிற்கிறாள். நேற்று மத்தியானம் அமெரிக்காவில் இருக்கிற ஒரு கணக்காளருக்குப் போன் எடுத்தோம். தமிழ்நாட்டுப் பிள்ளை. இங்கே ரூ பெர்தொனே தெருவில் இருக்கிற நகைக்கடைக்காரர் தந்த நம்பர். அமெரிக்காவில் ஆஸ்பத்திரியில் வேலை செய்த காலத்தில் நீங்கள் போட்டுவைத்த ஓய்வுகாலச் சேமிப்பை மகளின் பெயருக்கு மாற்றுவது எப்படி என்றுதான் கேட்டோம்.

"வருஷா வருஷம் இதுல இருந்து எவ்வளவு எடுத்தாரும்மா?"

"ஒண்டும் எடுக்கேல்லை. மாதா மாதம் பென்சன் வருகுது, அது காணும் எண்டிட்டார்."

நான் இதைச் சொன்னதும் அந்தப் பிள்ளை உடனே மறித்தது.

"பென்ஷன் வேற, இது வேறம்மா. எழுபது தாண்டி ஒரு வயசு வந்ததும், இந்தச் சேமிப்புல இருந்து வருஷம் ஒரு பங்கு கட்டாயம் எடுத்தாகணும். எடுக்காம விட்டாத்தான் தண்டம்."

எடுக்காமல் விட்டால்! கேட்டீங்களோ அண்ணை?

"அதிலை கை வைச்சால் தண்டம் வெட்டுவாங்கள் தங்கச்சி." எத்தனை தரம் சொல்லியிருப்பீங்கள்! அது வேலை செய்கிற வயதில் அவசரப்பட்டு எடுக்கிறவர்களுக்காம். உங்கள் வயதுக்கு, எடுத்துச் செலவழி என்று சட்டமே சொல்லியிருக்கு. இதை உங்களுக்கு ஒருத்தரும் சொல்லவில்லையா?

சுகந்திக்கு மகன் பிறந்து, வாங்கோ அப்பா என்று அவள் கூப்பிட்ட நேரமெல்லாம், "இந்த முறை ஏலாது பிள்ளை" என்று போனை என்னட்டைத் தந்தீர்கள். பென்சன் வாடகைக்கும் மருந்துக்கும் சரி. அவள் டிக்கட் போடுகிறேன் என்றால், "மகளின்ரை காசிலையோ?" என்று முகத்தைத் திருப்பினீர்கள்.

போனை வைத்ததும் அவள் கேட்டாள்: "அப்ப, மாமி, அப்பா என்னோடை கோவத்திலை வராமல் விடேல்லையா?"

"ஆரடி சொன்னது கோவமெண்டு?"

"நானா விரும்பிக் கலியாணம் கட்டினதாலை எண்டுதான் இவ்வளவு காலமும் நினைச்சன்."

அண்ணை, பேரன்ரை படத்தை கார் து நோர் ரயில் நிலையத்தில் முன்பின் தெரியாத ஆட்களுக்கெல்லாம் காட்டித் திரிந்த மனுசனில் இப்படி ஒரு எண்ணமா? அதைச் சொன்னேன். குசினி நிலத்தில் இருந்து அவள் அழுத அழுகைக்குப் பக்கத்து வீட்டு பிரெஞ்சுக்காரி வந்து கதவைத் தட்டினாள்.

தண்டத்தை நினைத்துக் கவலைப்படாதீங்கோ. தெரியாமல் நடந்தது என்று விளக்கி எழுதினால் தள்ளுபடி செய்யவும் கூடுமாம். எழுதப்போகிறோம். ஆனால் இந்த வருசப் பங்கை உங்களுக்குப் பதிலாகச் சுகந்தி எடுத்தே ஆகவேணுமாம்.

"அதிலை உங்களுக்குத்தான் டிக்கட், மாமி. நீங்களாவது வாங்கோ."

ஓம் எண்டிட்டன்.

உங்கள் பேரனுக்குத் தமிழ் அரைகுறையாம். பரவாயில்லை. பக்கத்தில் இருத்தி, உன்ரை அம்மப்பாவுக்கு வர ஆசை இருந்தது, பயமும் இருந்தது என்று சொல்லுவன். விளங்கும்வரைக்கும் சொல்லுவன், அண்ணை. இது சத்தியம்.

உங்கள் கூடப்பிறந்தவள்,
ராணி
லா சப்பல்